கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்



பெரம்பூரில் நின்றுகொண்டு ஆலை மூடுவதைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பி அண்ட் சி மில் சங்கு ஊதிய நேரத்தை வைத்து உலை வைத்த வீடுகள் இவை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். 1996இல் அந்த ஆலையையும் இழுத்து மூடினார்கள். உங்களுக்கே தெரிந்த சரித்திரம், விட்டுவிடுகிறேன். கணக்குக்கு வருகிறேன், அதற்கு முன் என் கதை ஒன்று.

இளம் வயதில் நான் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் புதுப் பூட்டு. பக்கத்தில் ஒரு தாள், முழுக்க ஆங்கிலம், பசைகூடக் காயவில்லை. வாட்ச்மேனைக் கேட்டால், "எனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரல சார்" என்றார். எங்களோடு லேத்தில் நின்ற அண்ணன் ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "சனிக்கிழமை வெச்ச டிபன் பாக்ஸ் உள்ள இருக்கு, அதையாவது எடுத்துக்கலாமா?"

பன்னிரண்டு வருஷ உழைப்புக்கான பணம் உள்ளே கிடந்தது. அவர் கேட்டது டிபன் பாக்ஸை! அது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். மற்றதும் தன்னுடையதுதான் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அந்த அண்ணனுக்கு இன்றைய கூலியில் கணக்குப் போடுவோம். தினக்கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். வேலை பார்த்த நாள் வரைக்குமான சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அடுத்து, மூடியதற்கான இழப்பீடு. ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம், 9,000 ரூபாய். பன்னிரண்டு வருஷத்துக்கு 1,08,000. கிராஜுவிட்டி தனி, அதுவும் வருஷத்துக்கு 15 நாள், இன்னொரு 1,08,000. ஆக 2,16,000 ரூபாய். பி.எஃப். பணம் இதில் சேரவே இல்லை.

உடனே ஒரு குரல் வரும்: "கம்பெனியே நஷ்டத்துல போச்சு, எங்கேர்ந்து கொடுப்பாங்க?" இதைச் சொல்வது முதலாளி என்று நினைக்காதீர்கள், பாதி நேரம் நம் ஆள்தான்! 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே இதற்குப் பதில் இருந்தது. முதலாளியின் கையில் இல்லாத, தவிர்க்கவே முடியாத காரணத்தால் மூடினால்தான் இழப்பீட்டுக்கு மூன்று மாதச் சம்பளம் என்ற உச்சவரம்பு. நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு, குத்தகை முடிந்தது, இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது என்று விளக்கமே எழுதி வைத்தார்கள். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களே, அதிலும் இந்த விளக்கம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

தப்பாதது வேறொன்று. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான். 299 பேர் உள்ள ஆலைக்கு 60 நாள் நோட்டீஸ் போதும். 50 பேருக்குக் கீழே என்றால் அந்த நோட்டீஸும் கட்டாயமில்லை. இதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நோட்டீஸ்தான் ஆள் எண்ணிக்கையைப் பார்க்கும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு இழப்பீடு பத்துப் பேர் உள்ள பட்டறையிலும் உண்டு.

கான்ட்ராக்டில் இருக்கும் பிள்ளைகளே, கான்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று அழாதீர்கள். அவன் கொடுக்காத கூலியைக் கொடுக்கும் பொறுப்பு உங்களை வைத்து வேலை வாங்கிய கம்பெனிக்கு உண்டு.

15 நாள் என்பது சட்டம் போட்ட தரை. அதற்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே எவ்வளவும் ஏறலாம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பேசினார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள். கடைசியில் வருஷத்துக்குக் கிடைத்தது 15 நாளைப் போலப் பல மடங்கு. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. எங்கள் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர் நாற்பது திசையில் நின்றோம்.

நாங்கள் செய்த இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நாள் ஒருவர் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கு ஐயாயிரம் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்கினார். "எல்லாக் கணக்கும் முடிந்தது, நானே விரும்பி விலகுகிறேன்" என்று அதில் இருந்தது. வாசித்தவர் யார்? நான்தான் வாசித்தேன், எனக்குத்தான் ஆங்கிலம் தெரியும். வாசித்துவிட்டு முதல் கையெழுத்தும் நானே போட்டேன். வீட்டில் அரிசி இல்லை. லேத் அண்ணன் எனக்கு அடுத்துப் போட்டார்.

அவருடைய டிபன் பாக்ஸ் கடைசி வரை வரவில்லை.

பே ஸ்லிப், ஐ.டி. கார்டு, பி.எஃப். எண், பேங்க் பாஸ்புக், எது இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று இந்தக் கூட்டத்துக்கான நோட்டீஸில் போட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் போய்விடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் நானும் இரண்டு வக்கீல் தம்பிகளும் உட்கார்ந்திருப்போம். கால்குலேட்டர் இருக்கிறது.