கோட்டுக்குள் வரி, டிக்கெட் இல்லாத டிராம்



அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கன்சாஸ் சிட்டி என்றொரு நகரம் இருக்கிறது. பெயரை வைத்துக் கன்சாஸ் மாநிலத்தில் தேடிவிடாதீர்கள். அங்கேயும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, ஆனால் பெரியது மிசௌரியில் இருப்பதுதான். அதன் மெயின் ஸ்ட்ரீட்டில் 2016 மே மாதத்திலிருந்து டிராம் ஓடுகிறது. ஏறலாம், உட்காரலாம், இறங்கிப் போகலாம். டிக்கெட் கேட்க யாரும் வரமாட்டார்கள். கட்டணமே கிடையாது.

இலவசம் என்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம்.

அந்த ஊரில் பழைய டிராம்கள் 1957இல் நின்றுபோயின. பிறகு ரயில் வேண்டுமென்று ஊர் முழுவதும் வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பத் தோற்றது. 2006இல் ஒருவழியாக ஜெயித்தது. ஆனால் திட்டம் நடக்காது என்று சொல்லி நகர சபையே அதை ரத்து செய்தது. 2008இல் வேறொரு திட்டத்தோடு மக்களிடம் போனார்கள், அதுவும் தோற்றது. காரணம் புரியாததல்ல. ஊர்க்கோடியில் இருப்பவர், "என் தெருப்பக்கமே வராத ரயிலுக்கு நான் ஏன் வரி கட்டணும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

சரி, ஊரையே கேட்டால்தானே இந்தத் தகராறு என்று, 2012இல் டவுன்டவுனைச் சுற்றி மட்டும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். மிசௌரி சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது: ஒரு சாலைக்கோ பாலத்துக்கோ டிராமுக்கோ என்று தனி வரி வட்டாரம் அமைத்துக்கொள்ளலாம். ஆற்றோரச் சந்தைப் பகுதியிலிருந்து யூனியன் ஸ்டேஷன் வரை சுமார் மூன்றரை கிலோமீட்டர் தண்டவாளம். தண்டவாளம் வந்தால் யாருடைய மனை விலை ஏறுமோ, யாருடைய கடையில் கூட்டம் கூடுமோ, அவர்களே பெரும்பங்கு செலவை ஏற்கட்டும் என்பது கணக்கு. மத்திய அரசு 2 கோடி டாலர் மானியம் கொடுத்தது.

வட்டாரத்துக்குள் வரி இரண்டு விதம். ஒன்று, வாங்கும் பொருளுக்குக் கூடுதலாக 1 சதவீத விற்பனை வரி. ஐந்து டாலருக்குக் காபி குடித்தால் ஐந்து சென்ட் டிராமுக்குப் போகிறது. இன்னொன்று, சொத்தின் மீது ஆண்டுதோறும் ஒரு தீர்வை. மதிப்பிட்ட தொகையில் ஒவ்வொரு 100 டாலருக்கும் வீட்டுக்கு 70 சென்ட், கடை கண்ணிக்கு 48 சென்ட். என்னடா இது, வீட்டுக்காரரிடம் அதிகம் பிடுங்குகிறார்களே என்று தோன்றும். சூட்சுமம் மதிப்பீட்டில் இருக்கிறது. அந்த மாநிலத்தில் வீட்டைச் சந்தை விலையில் 19 சதவீதமாகவும், வணிகக் கட்டடத்தை 32 சதவீதமாகவும் மதிப்பிடுவார்கள். ஆக, 2 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷத்துக்கு 266 டாலர். அதே விலையுள்ள கடைக்கு 307 டாலர். வழக்கமான சொத்து வரியிலிருந்து தப்பிக்கும் தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும்கூட, சொத்து ஓரளவு பெரிதாக இருந்தால், இந்தத் தீர்வையைக் கட்டியாக வேண்டும். நகராட்சியின் சொந்தக் கட்டடங்களுக்கு எல்லாரையும்விட அதிக விகிதம். அந்த ஒரு அம்சத்துக்காகவே இதை வகுத்தவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது.

என்னை உறுத்துவது வாக்கெடுப்பு நடந்த விதம். வழக்கமான வாக்குச்சாவடி கிடையாது. கோட்டுக்குள் குடியிருக்கும் வாக்காளர், நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போட்டு வாக்குச்சீட்டை வாங்கி, நோட்டரி முன்னால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இத்தனை படி ஏறி வாக்களித்தவர்கள் சில நூறு பேர்தான். அந்தச் சில நூறு பேரின் முடிவில் பத்து கோடி டாலர் திட்டம் ஒன்று நிறைவேறியது. மெயின் ஸ்ட்ரீட்டில் கடை வைத்துவிட்டு வீட்டைப் புறநகரில் வைத்திருப்பவர் தீர்வை கட்டுவார், ஆனால் வாக்கு இல்லை. பக்கத்துப் பேட்டையிலிருந்து சாமான் வாங்க வருகிறவர் விற்பனை வரி கொடுப்பார், அவருக்கும் வாக்கு இல்லை. மாடியில் வாடகைக்கு இருப்பவர் சொத்துத் தீர்வையை நேரடியாகக் கட்டுவதில்லை, அவருக்கு வாக்கு உண்டு.

டிராம் ஓடத் தொடங்கியதும் கூட்டம் அள்ளியது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பயணங்கள். ஆனால் டிராம் கண்ணில் படுவதற்கு முன்பே, 2014 ஆகஸ்டில், கோட்டை அகலப்படுத்தும் முயற்சி ஒன்று நடந்தது. தெற்கே மெயின் ஸ்ட்ரீட்டோடு கிழக்குப் பகுதிகளையும் சேர்க்கும் திட்டம் அது. கறுப்பின மக்கள் அதிகம் வாழும், வருமானம் குறைந்த பேட்டைகள் அங்கே இருக்கின்றன. மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. மனை விலை ஏறினால் லாபம் மனை வைத்திருப்பவருக்கு. 1 சதவீத விற்பனை வரியோ மளிகை வாங்குகிற எல்லாருக்கும். மாதச் சம்பளம் முழுவதும் மளிகைக்கே போகும் வீட்டில் அந்த ஒரு சதவீதம் கனக்கும். வசதியான வட்டாரம் தனக்குத் தானே வரி போட்டு டிராம் வாங்கிக்கொள்ளலாம். ஏழை வட்டாரத்துக்கு இதே வழியைக் காட்டுவது, கடன் வாங்கத் தகுதியில்லாதவரிடம் வங்கிக்குப் போகச் சொல்வதைப் போன்றது.

அதன் பிறகு கோட்டைச் சுருக்கினார்கள். மெயின் ஸ்ட்ரீட் வழியே தெற்கே பல்கலைக்கழகம் வரை மட்டும் என்று 2017இல் புதிய வட்டாரம் அமைக்க ஒப்புதல் கிடைத்தது, வரிக்கான ஒப்புதல் மறு ஆண்டு. இந்த நீட்டிப்புக்கு ஆன 35 கோடி டாலரில் ஏறத்தாழ பாதியை மத்திய அரசு தந்தது. 2025 அக்டோபர் 24ஆம் தேதி டிராம் அங்கே போய்ச் சேர்ந்தது. கிழக்குப் பகுதியில் இருக்கும் பிராஸ்பெக்ட் அவென்யூவுக்கு 2019 டிசம்பரில் விரைவுப் பேருந்து வந்தது, டிராம் வரவில்லை.