ஒரு பேரெண்ணும் அதன் சான்றும்



127 இரண்டுகளைத் தம்முட் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 39 இலக்கமுள்ள ஓர் எண் வரும். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் அது மீதியின்றி வகுபடாது. அதாவது, அது ஒரு முதன்மை எண். இதனை நாம் எங்ஙனம் அறிவோம்?

எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் இவ்வாறு முதன்மை எண் வருமென்று, பிரான்சு தேசத்துத் துறவி மெர்சென் 1644 இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். அதில் 127 இருந்தது, சான்று இருக்கவில்லை. அவர் சொன்னாரென்றே ஏற்றிருந்தால், அதே அட்டவணையிலுள்ள 67ஐயும் 257ஐயும் நாம் ஏற்றிருப்போம். அவ்விரண்டும் பிழையென்று பின்னர் தெளிவாயிற்று.

ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதோ ஆகாத காரியம். இருபது இலக்க எண்கள் வரை செல்லவேண்டும். 1876 இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ், காரணிகளைத் தேடாமலே அது முதன்மை எண்ணென நிறுவினார். 1930 இல் அமெரிக்கரான லேமர் அம்முறையை எளிதாக்கினார்.

சிறிய உதாரணமாக, ஐந்து இரண்டுகளால் வரும் 31ஐ எடுப்போம். 4ஐ வர்க்கித்து 2 கழித்தால் 14. மீண்டும் அவ்வாறு செய்தால் 194. அதை 31 ஆல் வகுக்க மீதி 8. இன்னொரு முறை செய்தால் 62, மீதி பூச்சியம். ஐந்தில் இரண்டு குறைந்த மூன்றாம் படியிற் பூச்சியம் வந்தமையால் 31 முதன்மை எண். 127க்கு 125 படிகள். 2024 இற் கண்ட நான்கு கோடி இலக்கங்களுக்கு மேற்பட்ட முதன்மை எண்ணையும் இம்முறையே உறுதிசெய்தது.

மெர்சென்னை நாம் இகழவில்லை. அவர் அட்டவணை இட்டிராவிடில் பிறர் சோதித்திருக்கமாட்டார்கள். அவ்வெண்கள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. ஆகவே, பெரியோர் சொன்னதை இளைஞராகிய நாம் கணக்கிட்டுப் பார்க்க முற்படும்போது, அதனை அவமதிப்பென்று கொள்ளவேண்டாமெனப் பணிவுடன் கேட்டு அமைகின்றோம்.