கடைக்கதவுக்கு மட்டுந்தானா கட்டுப்பாடு?

(நாவுலவில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மதுக்கடையைப் பற்றிப் பேச்சு என்று கேள்வியுற்றதும், "குடியாதீர்கள்" என்னும் உபதேசத்தைக் கேட்கவே அழைக்கப்பட்டிருக்கிறோம் என உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். அவ்வுபதேசத்தைச் செய்யக் கோயில் இருக்கிறது; விகாரை இருக்கிறது; பள்ளிவாசல் இருக்கிறது; தேவாலயம் இருக்கிறது. வள்ளுவப் பெருந்தகையும் கள்ளுண்பானை நோக்கிப் பத்துக் குறள் பாடி வைத்தார். கள் விற்பவனிடம் வரி வாங்கிக் கருவூலம் நிரப்பும் அரசைப் பற்றிப் பாட அவருக்கு வாய்ப்பு நேரவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து சிறிது பேசலாம் என்றே நாம் வந்திருக்கிறோம்.

இந்நாட்டில் ஒரு போத்தல் சாராயம் வாங்கப் புறப்படும் மனிதன் எத்தனை வாயில்களைக் கடக்கவேண்டியிருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். அவனுக்கு 21 வயது நிரம்பியிருக்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம், அவ்வாறு விதிக்கின்றது. வாக்களித்து அரசாங்கத்தை அமைக்க 18 வயது போதும். அவ்வரசாங்கத்தின் முத்திரை ஒட்டிய போத்தலைத் தொட இன்னும் மூன்றாண்டு காத்திருக்கவேண்டும்! இதில் நமக்கு மறுப்பில்லை. பிள்ளைகளைக் காக்க எழுந்த விதி அது. இன்னும் இறுக்கமாய் நடத்தப்படவேண்டிய விதியுமாகும்.

அடுத்தது நேரம். காலையில் இன்ன மணிக்குத் திறக்கவேண்டும், இரவில் இன்ன மணிக்குப் பூட்டவேண்டும் என்பது. அதற்கும் அடுத்தது நாள். முழுமதி தோன்றும் போயா நாளெல்லாம் கடை பூட்டு; ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளிற் பதின்மூன்று. ஒக்டோபர் 3ஆம் நாள், உலக மதுவொழிப்புத் தினம் என்று பூட்டு. தேர்தல் வந்தால் பூட்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையே நீக்கப்பட்டுப் போயா நாளே வார விடுமுறையாய் நிலவியதை முதியோர் நினைவிற் கொண்டிருப்பர். வானத்துச் சந்திரனைக் கொண்டு நாட்டு நிர்வாகத்தை நடத்துவதில் நமக்குப் பழக்கம் உண்டு.

போயாவுக்கு முதல்நாள் மாலை, இந்தக் கண்டி யாழ்ப்பாண வீதியோரம் உள்ள எந்த மதுக்கடையின் முன்னும் சென்று நின்று பாருங்கள். கூலி வாங்கியவன், லொறி ஓட்டி வந்தவன், வயலில் இருந்து சேறும் கழுவாது வந்தவன் என எல்லோரும் ஒரே வரிசையில் நெருக்குண்டு நிற்பார்கள். இரும்புக் கம்பி அடைத்த சாளரத்தின் சிறு துவாரத்தினூடே பணம் உள்ளே போகும். தாளிற் சுற்றிய போத்தல் வெளியே வரும். எந்தக் கடையிலும் வாடிக்கையாளனுக்கு ஒரு வணக்கமேனும் கிடைக்கும். இங்கே அவன் குற்றவாளிபோல் தலைகவிழ்ந்து வாங்கி, இடுப்பிற் செருகிக்கொண்டு விலகுவான். ஒருநாட் குடிப்பவன் அன்று இருநாளைக்கு வாங்குவான். வாங்கியது இருநாளைக்கு நிற்குமா? அன்றிரவே தீரும். மறுநாள், சட்டம் உறங்கச் சொன்ன நாளிலே, பின்வளவுகளில் வணிகம் விழித்துக்கொள்ளும். முதல்நாள் பெட்டிக் கணக்கில் வாங்கிப் பதுக்கியவன் ஒன்றுக்கு ஒன்றரை விலை கேட்பான். பொலிசார் சிலரைப் பிடிப்பதும் உண்டு. பிடிபடுவோர் பெரும்பாலும் நாலைந்து போத்தலை ஒளித்து வைத்த ஏழைகளே. பெட்டி பெட்டியாய் விற்றுக் கொடுத்தவர்கள் அல்லர். போயா நாளில் மதுவிலக்கு நடைபெறுவது முன்கதவில். வணிகம் நடைபெறுவது பின்கதவில்.

இவ்விதிகள் அறத்திற் பிறந்தவை என்று நம்பச் சொல்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொள்ளை நோயை முன்னிட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபோது மதுக்கடைகள் மூடப்பட்டன. ஏப்பிரலிற் சில மாவட்டங்களில் திறக்கப்பட்டு, கூட்டம் திரண்டதைக் கண்டு உடனே மீண்டும் பூட்டப்பட்டன. அது நியாயமே. ஆனால், 2021 செப்டெம்பரில் நடந்தது என்ன? ஊரடங்கு நடைமுறையில் இருக்கும்போதே மதுக்கடைகள் திறக்கப்பட்டன. பிள்ளைகளின் பாடசாலை பூட்டியிருந்தது. அரிசி வாங்கப் போனவனை வீதியில் மறித்துக் காரணம் கேட்டார்கள். சாராய வரிசை மட்டும் நாடெங்கும் நீண்டு கிடந்தது. அனுமதித்தவர் யார் என்ற வினாவுக்கு நேரான விடை அன்று கிடைக்கவில்லை. கருவூலம் வறண்டபோது விதி எத்துணை விரைவாக நெகிழ்ந்தது என்பதை மட்டும் நாம் கண்ணாரக் கண்டோம்.

தாய்மார்களே, உங்களைக் குறித்தும் ஒரு விதி எழுதப்பட்டது. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று, தவறணை எல்லைக்குள் பெண்ணுக்கு மது விற்கலாகாது என்றது. மது வடிக்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் பெண் வேலை செய்யலாகாது என்றது. 2018 ஜனவரியில், அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கி வர்த்தமானியில் அறிவித்தார். கடை பூட்டும் நேரத்தையும் ஒரு மணித்தியாலம் நீட்டினார். சில நாள்கள் செல்லுமுன், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொதுக்கூட்டம் ஒன்றில் நின்று, அதனை மீளப்பெறும்படி தாம் பணித்துவிட்டதாகக் கூறினார். மீளப்பெறவும் பட்டது. பெண்கள் சிலர் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றத்தை நாடினர்.

பெண்ணுக்குப் போத்தல் வாங்கித் தரவேண்டும் என்று வழக்காட நாம் இங்கு வரவில்லை. நாம் கேட்பது வேறு. கொழும்பிலுள்ள பேரங்காடிகளிற் சீமாட்டி ஒருத்தி கூடையில் வைன் போத்தலை எடுத்து வைத்தால், அவ்விதி கண்ணை மூடிக்கொண்டதே, அது எவ்வாறு? ஊர்த் தவறணையின் வாயிலில் மட்டும் அது கண்விழித்ததே, அது எவ்வாறு? இன்னொன்றும் கேட்கிறோம். பெண்ணின் பண்பைக் காக்கவே விதி என்றார்கள். வாங்க நீளும் கையை மறித்த அவ்விதி, மாலையில் லயத்தறைக்குள் அடிவாங்கும் முதுகை மறித்ததா? பகலெல்லாம் கொழுந்து பறித்தவளின் கூலியையும் கணவனே சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் நம் தோட்டங்களில் எத்தனை தலைமுறை நடந்தது! அந்தக் கூலி வீடு வந்து சேருமுன் வழியில் எத்தனை வாசல்கள் திறந்திருந்தன என்பதை உங்களிலும் நன்கறிந்தவர் யாருளர்?

விலையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபா என்று நிருணயிக்கப்பட்டது. அதே ஆண்டில் 750 மில்லிலீற்றர் சாதாரண சாராயப் போத்தலின் விலை 3,000 ரூபாவைத் தாண்டி நின்றது. இருநாள் உழைப்பைக் கொட்டினாலும் ஒரு போத்தல் நிறையாது. விலையை உயர்த்தினாற் குடி குறையும் என்பது வைத்தியர்களின் கூற்று, உலகெங்கும் அதற்குச் சான்றுண்டு, நாமும் மறுக்கவில்லை. ஆயினும், பக்கத்திலே கசிப்புக் காய்ச்சும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அக்கூற்று முழுதும் பலிப்பதில்லை. கால்போத்தலுக்கும் வக்கற்றவன் கசிப்பைத் தேடிப் போகிறான். அதற்குப் போயா இல்லை, பூட்டும் நேரம் இல்லை, வயதெல்லை இல்லை, உள்ளே சேர்ந்திருப்பது சீனியா நஞ்சா என்று பார்ப்பாரும் இல்லை. வரி உயர்த்துவோர் காய்ச்சும் அடுப்பையும் அதே வேகத்தில் அவிப்பார்களாயின், அவர்களை நாமே முதலிற் பாராட்டுவோம்.

இத்தனை வாயில்களும் வாங்குபவன் முன்னே நாட்டப்பட்டவை. விற்கும் உரிமையைப் பெறுபவன் முன்னே நாட்டப்பட்ட வாயில் எது? பாடசாலைக்கும் வணக்கத்தலத்துக்கும் இத்தனை தூரத்துக்கு அப்பாற் கடை இருக்கவேண்டும் என்று அளவுநாடா பிடிக்கிறார்கள். நன்று. அளவுநாடாவுக்கு முன்னே சிபார்சுக் கடிதம் போய்விடுகிறதே! 2024 டிசெம்பரிற் பாராளுமன்றத்திலே ஒரு பட்டியல் வைக்கப்பட்டது. தேர்தல்கள் நடந்த அவ்வோராண்டிலே வழங்கப்பட்ட மது அனுமதிப்பத்திரங்கள் 361 என்றது அப்பட்டியல். யாருக்கு வழங்கப்பட்டது என்பதைக் காட்டிலும், எவருடைய சிபார்சில் வழங்கப்பட்டது என்பதே நாடு கேட்ட கேள்வி. அந்த 361 கடைகளில் ஒன்றையாவது திறக்குமுன், அவ்வூர்த் தாய்மாரை அழைத்து, "இங்கே கடை வேண்டுமா?" என்று கேட்கவேண்டிய கட்டாயம் எவருக்கேனும் இருந்ததா?

கேட்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்ததேயில்லையா? இருந்தது. அதைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நாம் நிற்கும் இந்த வீதியே சாட்சி. கோப்பித் தோட்டக் காலத்தில், மன்னாரிற் கரையேறிய நம் மூதாதையர் காடு கடந்து, தம்புள்ளை கடந்து, நாலந்தை வழியே மாத்தளைக்கு நடந்தது இத்தடத்தில்தான். நடக்கும்போதே மாண்டவர் பலர். நடந்து சேர்ந்தவர்களைத் தோட்டத்தின் அருகே தவறணை எதிர்கொண்டது. மாவட்டந்தோறும் சாராயம் விற்கும் உரிமையை வெள்ளையர் அரசு ஏலத்தில் விட்டது. அதிக விலை கூறியவன் குத்தகைக்காரன் ஆனான். குத்தகைப் பணம் அரசின் வருவாய். மிச்சம் குத்தகைக்காரனின் மாளிகை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் அந்த முறையை மாற்றியமைத்தது. அதனோடு ஊர்தோறும் கள்ளுத் தவறணைகளை நிறுவும் ஏற்பாடும் வந்தது. அதனை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்திலேதான் டி. பி. ஜயதிலக்கவும் சேனநாயக்க சகோதரரும் பொதுவாழ்விற் பெயர் பெற்றனர். அவ்வெழுச்சியின் பின் வந்த ஆண்டுகளில், ஊர்மக்கள் வாக்களித்துத் தம் ஊர்த் தவறணையை மூடும் உரிமை பிறந்தது. 1920களிலும் 1930களிலும் அவ்வாக்கெடுப்பினாற் பூட்டப்பட்ட தவறணைகள் பல. அன்னியன் ஆட்சியிலே மக்களுக்கு இருந்த அந்த உரிமை, நம்மவர் ஆட்சியிலே ஏன் சிபார்சுக் கடிதத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிற்று?

"அரசாங்கமே கடை நடத்தினால் எல்லாம் சீர்ப்படும்" என்பாரும் உளர். கடலுக்கு அப்பாற் பாருங்கள். 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடக்கிவைத்த அதே தமிழ்நாட்டிலே, 1983இல் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. 2003 முதற் சில்லறை விற்பனை முழுவதும் அதன் கையில். வரிசையும் கம்பிக் கதவும் அங்கும் உண்டு. நெடுஞ்சாலையோரம் மதுக்கடை கூடாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசெம்பரில் ஆணையிட்டது. விபத்துகளைத் தடுக்கப் பிறந்த நல்ல ஆணை. நடந்தது யாது? 2017இல் நெடுஞ்சாலையை விட்டு அகன்ற கடைகள், குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைய முற்பட்டன. ஊர்ப் பெண்களே திரண்டு சென்று மறித்தார்கள். சில இடங்களிற் கடையை அடித்து நொறுக்கினார்கள். வீதியோரத்தில் இருக்கும் நாவுல மக்கள் இதனைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். கடையை எங்கிருந்து அகற்றுவது என்று நீதிமன்றம் சொன்னது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பெண்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. உடைந்த போத்தல்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. முன்னரே கேட்டிருந்தால் அவை உடைந்திரா என்கிறோம்.

ஆதலின் நமது கோரிக்கை குறுகியது. புதிய அனுமதிப்பத்திரம் எதுவும், அப்பகுதி மக்களைப் பகிரங்கமாய் அழைத்துக் கேட்டபின்பே வழங்கப்படவேண்டும். அந்தக் கூட்டத்திற் பெண்களின் எண்ணம் தனியே பதியப்படவேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அனுமதிகளும் இவ்விதிக்கு உட்படவேண்டும். சிபார்சு செய்தவர் பெயர், விண்ணப்பித்தவர் பெயரோடு சேர்த்து, பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையில் மும்மொழியிலும் ஒட்டப்படவேண்டும். இக்கோரிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. அயலிலுள்ள சிங்களத் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் இதே துயரை இதே மாலைப்பொழுதில் அனுபவிக்கிறார்கள். அவர்கள் வாசலுக்கும் இம்மனுவை அவர்கள் மொழியிலே கொண்டு செல்லப்போகிறோம்.

மனுப் படிவங்கள் மேடையின் இடப்பக்கத்து மேசையில் இருக்கின்றன. வாசிக்க இயலாதோருக்கு வாசித்துக் காட்ட இளைஞர் இருவர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். கையெழுத்து வராதவர் பெருவிரல் அடையாளம் இடலாம். தாய்மார்கள் முதலிற் செல்லுங்கள். ஆண்கள் அவர்களுக்குப் பின்னே நிற்கட்டும். வரிசையில் நிற்பது நமக்குப் பழக்கமில்லாததா என்ன?