பணியில் இறந்தவர் யாருடைய ஆள்?



மின்கம்பத்தில் உயிர்விட்ட ஒரு கம்பியாளரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். அவர் நிரந்தரப் பணியாளர். அவர் பெயரால் வந்த குடும்ப ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் அவர் மனைவி, இங்கே அமர்ந்திருக்கும் அம்மா, இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கிறார்கள். அன்று கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. மின்சாரம் அவரைத் தாக்கியிருந்தால் அவர் மனைவிக்கு இப்படி ஓர் ஓய்வூதியம் வந்திருக்காது. ஒரே கம்பம், ஒரே வேலை, ஒரே கம்பி. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஊருக்காக உயிர்விட்டவனின் குடும்பத்தை ஊர் காப்பாற்ற வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டார்கள். போரில் மாண்டவன் குடும்பத்துக்கு நிலம் விட்டதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று வருவதெல்லாம் அந்த நிலம்தான். கல்லை நட்டு வணங்கினால் கடமை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வீட்டில் உலை கொதிக்க வழி செய்தார்கள்.

நம் காலத்து அரசு அந்த இடத்துக்கு வரத் தயங்கித் தயங்கித்தான் வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்குக் குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964 ஜனவரி 1 அன்று வந்தது. அதையும் சும்மா கொடுக்கவில்லை. இரண்டு மாத ஊதியத்துக்கு ஈடான தொகையைப் பணிக்கொடையிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். 1977 செப்டம்பரில்தான் அந்த நிபந்தனை போயிற்று. 1964க்கு முன்பே கணவரை இழந்தவர்கள், அந்தத் திட்டத்துக்குள் வராதவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் வெளியே நின்றது. 1985ல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே அவர்களுக்கும் கதவு திறந்தது. ஓய்வூதியம் முதலாளியின் தயவைப் பொறுத்த கொடை அல்ல என்று நகாரா வழக்கில் அதே நீதிமன்றம் 1982லேயே சொல்லியிருந்தது. அந்தச் சொல் விதவைகளின் வாசலை எட்ட மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

இன்று மத்திய அரசு விதிப்படி குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு. குறைந்தது 9,000 ரூபாயும் அதன்மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. பணியில் இருக்கும்போதே இறந்தால் முதல் பத்து ஆண்டுகளுக்கு 50 விழுக்காடு. ஆனால் அந்த 50 விழுக்காட்டைப் பெற, இறந்தவர் ஏழு ஆண்டு தொடர்ந்து பணி செய்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. இருபத்தாறு வயதில், மூன்றாண்டுப் பணியில் இறந்துபோன ஒருவரை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையோடு நிற்கிற மனைவி, தொடக்கநிலை ஊதியம், சேமிப்பு என்று எதுவும் இல்லை. எந்தக் குடும்பத்துக்கு அதிகம் தேவையோ அந்தக் குடும்பத்துக்குத்தான் விதி குறைவாகக் கொடுத்தது. 2019 அக்டோபர் 1 முதல்தான் இது திருத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு காயம் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். மத்திய அரசும் புதிய திட்டத்துக்கு மாறியதுதான். ஆனால் புதிய திட்டத்தில் சேர்ந்த ஊழியர் பணியில் இறந்தால் பழைய விதிப்படியே குடும்ப ஓய்வூதியம் கொடுக்கலாம் என்று அது 2009 மே மாதத்திலேயே ஆணையிட்டது. நம் மாநிலம் அதைச் செய்யவில்லை. இறந்தவர் கணக்கில் சேர்ந்த தொகையையும் அரசின் பங்கையும் வட்டியோடு மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிட்டது. அந்த ஆண்டுகளில் இறந்த ஆசிரியர், செவிலியர், காவலர் வீடுகளில் முதல் தேதி என்பது வெறும் தேதியாகிவிட்டது. மொத்தத் தொகையில் கடன் போனது, மூத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் போனது. பிறகு என்ன என்ற கேள்விக்கு அன்றைய எந்த அரசாணையிலும் பதில் இருக்கவில்லை. ஓய்வூதியம் பற்றி எந்தப் புதிய ஏற்பாடு வந்தாலும், இடைப்பட்ட காலத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது என்ன செய்கிறது என்பதை வைத்தே அதை அளப்பேன்.

பணி காரணமாகவே நேரும் சாவுக்கு மத்திய அரசில் தனி விதிகள் உண்டு. அசாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அடிப்படை ஊதியத்தில் 60 விழுக்காடு. அதோடு ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த அட்டவணைப்படி, கடமையாற்றும்போது விபத்தில் இறந்தால் 25 லட்சம், பயங்கரவாதிகளின் வன்முறையில் இறந்தால் 25 லட்சம், எல்லை மோதலில் இறந்தால் 35 லட்சம், போரில் இறந்தால் 45 லட்சம். தொகை போதுமா என்று வாதாடலாம். ஆனால் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட தொகை அது. யார் செத்தார், எந்தத் தொலைக்காட்சி காட்டியது என்று பார்த்து அது மாறுவதில்லை.

இங்கே நமக்குப் பழகியது அறிவிப்பு. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையத்தைச் சேர்ந்த இன்னொருவர் ஆடு திருடியவர்களை விரட்டிப் போய் வெட்டுப்பட்டு இறந்தார். இரு குடும்பங்களுக்கும் ஒரு கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு ரூபாய்கூட அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்பது, நள்ளிரவு ரோந்தில் லாரி மோதி இறந்த காவலருக்கும், காட்டில் யானை மிதித்து இறந்த வேட்டைத் தடுப்புக் காவலருக்கும், கஜா புயலுக்குப் பின் கம்பம் நிமிர்த்தப் போய் உயிரிழந்தவருக்கும் அரசு என்ன கொடுக்கும் என்பது அவர்கள் வேலைக்குப் புறப்படும் அன்றே அவர்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

கருணை அடிப்படையில் வேலை என்பதும் இப்படித்தான். 1994ல் உச்ச நீதிமன்றம் அதை வாரிசுரிமை அல்ல, திடீரென நிலைகுலைந்த குடும்பம் தலையெடுக்க ஒரு கைத்தாங்கல் என்று வரையறுத்தது. சரியான வரையறை. ஆனால் கைத்தாங்கல் உடனே கிடைத்தால்தானே கைத்தாங்கல்? மத்திய அரசில் இதற்கென ஒதுக்கீடு, ‘சி’ பிரிவு நேரடி நியமன இடங்களில் 5 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்துக்குத்தான் கெடு. விண்ணப்பத்தை வாங்கிய அலுவலகத்துக்கு அதுபோல ஒரு கெடு இருந்திருந்தால் இத்தனை வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்காது.

அலுவலகம் என்றதும் என் மேசை நினைவுக்கு வருகிறது. ஓய்வூதியப் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. கணவர் இறந்து முப்பதாம் நாள் முடிந்ததும் மஞ்சள் பையோடு வருவார்கள். பையில் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்று. எல்லாம் இருக்கும், ஒன்றோடொன்று பொருந்தாது. பணிப்பதிவேட்டில் ‘செல்வி’ என்றிருக்கும், ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’ என்றிருக்கும். தலைப்பெழுத்து ஒன்றில் அப்பாவுடையது, மற்றொன்றில் கணவருடையது. இறந்தவர் கல்யாணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்திருப்பார். வாரிசு நியமனப் படிவத்தில் அம்மா பெயரை எழுதியிருப்பார். பிறகு இருபது ஆண்டுகளில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுததைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குள் அதுவரை எந்தப் பகையும் இருந்திருக்காது. ஒரு படிவம் அதை உண்டாக்கியது. பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒரு முறை ஊழியருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற நடைமுறையை ஒழுங்காகச் செய்த அலுவலகங்களில் இந்தக் காட்சி அபூர்வம்.

இதுவரை சொன்னதெல்லாம் பணிப்பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைப் பற்றி. பெயரே இல்லாதவர்களிடம் வருகிறேன்.

பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவர்கள் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் நம்முடையது. சொல்லவே நாக்கூசுகிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தி, வாரிசுக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி என்றும் சேர்த்துச் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்குப் பணம் வருவது சட்டவிரோதச் செயலால் பாதிக்கப்பட்டவர்கள் என்ற கணக்கில். ஊரின் கழிவை அள்ளிய ஊழியரின் குடும்பம் என்ற கணக்கில் அல்ல. ஊராட்சியோ மாநகராட்சியோ ‘அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்’ என்று முதல் நாளே சொல்லிவிடுகிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த மேடையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயமாக மாறியிருக்கிறது. தன் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும், செத்த தொழிலாளிக்கு முதன்மை முதலாளியே இழப்பீடு கட்ட வேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. உள்ளாட்சியின் கடமைகளும் அரசுத் துறைகளின் கடமைகளும் அவற்றின் ‘தொழில்’ என்றே கொள்ளப்படும் என்றும் அதே சட்டம் சொன்னது. சாக்கடை மாநகராட்சியின் தொழில். மின்கம்பம் மின்வாரியத்தின் தொழில். ஆள் யாருடையவர் என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதியாயிற்று.

நீதிமன்றங்களும் இதில் பெருந்தன்மையாகவே நடந்திருக்கின்றன. பம்பாய் பெஸ்ட் நிறுவனத்தில் ஓர் ஓட்டுநர், 1957ல், வேலை முடித்துத் தன் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு, வீடு போக அதே நிறுவனத்தின் இன்னொரு பேருந்தில் ஏறினார். அது நின்றிருந்த லாரியில் மோதியது, அவர் இறந்தார். வேலைதான் முடிந்துவிட்டதே என்றது நிறுவனம். நகரம் முழுவதும் ஓடும் அந்தப் பேருந்துச் சேவையில் ஓட்டுநர்கள் நேரத்துக்கு வந்து போவது நிறுவனத்துக்கே தேவை, எனவே அந்தப் பயணமும் பணியின் பகுதி என்று 1963ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு தந்தது. 2003ல் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி வேலைக்கு வரும் வழியில் இறந்தார். அவர் குடும்பத்துக்கும் அதே நியாயம் கிடைத்தது, 2025 ஜூலையில். பெருந்தன்மை கிடைக்க இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த வீட்டில் அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை இருந்திருந்தால் தீர்ப்பு நாளில் வேலை தேடும் வயதில் இருந்திருக்கும்.

அதனால்தான் முதல் நாளில் நடப்பது முக்கியம். முதல் நாளில் என்ன நடக்கிறது? அரசு மருத்துவமனைப் பிணவறை வாசல். உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். காவல் ஆய்வாளர், ஒப்பந்தக்காரரின் ஆள், ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லோருமாகப் பேச்சுவார்த்தை. மாலைக்குள் ஒரு தொகை படிகிறது. ரொக்கமாகக் கொஞ்சம், காசோலையாகக் கொஞ்சம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் அந்தப் பெண்ணிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுகிறார்கள். முகம் கழுவக்கூட இல்லாத பெண்ணிடம்.

அந்தத் தாள் செல்லாது. சாவுக்கான இழப்பீட்டை நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்தால் அது இழப்பீடாகவே கொள்ளப்படாது. தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தமும் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை தண்டமும் உண்டு. கணக்கும் ஊகம் அல்ல. மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 2020ல் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்புப்படி முப்பது வயதுத் தொழிலாளிக்கு 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. பிணவறை வாசலில் படிந்த தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் என்றால் வழி வேறு: கூலியில் 90 விழுக்காடு சார்ந்தோர் உதவியாக மாதாமாதம் வரும். இரண்டில் எது என்று முதல் நாளே யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் அரசு ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வாரிசு நியமனப் பக்கத்தைப் பாருங்கள். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். தொழிற்சங்கத் தோழர்களிடம் இன்னொன்று. உங்கள் ஊரில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அரசு வேலையில் இறந்தால், உறுப்பினரா இல்லையா என்று பார்க்காமல் பிணவறை வாசலுக்குப் போங்கள். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். அன்றைக்கே இழப்பீட்டு ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சாவு பற்றிய தகவல் எந்த வழியாக வந்தாலும் முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பி விளக்கம் கேட்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. குடும்பம்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நீங்கள் எழுதினாலும் போதும்.