ஆள் பாதி, ஆடை பாதி, மீதி?

(தலைப்பு: உழைப்பவர் உடையில் முதலிடம் தோற்றத்துக்கா, வேலைப் பொருத்தத்துக்கா? ‘வேலைப் பொருத்தத்துக்கே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் ‘ஆள் பாதி, ஆடை பாதி’ன்னு சொல்லிட்டு ஜம்முனு உட்கார்ந்துட்டாரு. ஐயா, அந்தத் தொளதொள சட்டைக் கை லேத்துல மாட்டினா, மீதிப் பாதி ஆளும் போயிடுவானே! (கைதட்டல்)

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இதைச் சும்மா விடலே. ஓடுகிற இயந்திரத்தைத் தொட்டு வேலை பார்க்கிறவன் உடம்போடு ஒட்டின உடை போடணும். அந்த உடையை முதலாளியே கொடுக்கணும்னு 22-ம் பிரிவில் எழுதி வெச்சது.

சிவகாசிக்கு வாங்க. பட்டாசு ஆலைக்குப் பருத்தி உடுத்தி வரச் சொல்றது சிக்கனத்துக்காக இல்லீங்க. நைலான், பாலியெஸ்டர் உரசினா மின்னூட்டம் சேரும். வெடிமருந்துக்கு ஒரு பொறி போதும். தீப்பிடிச்சா பருத்தியும் எரியும்தான். ஆனா நைலான் உருகித் தோலோட ஒட்டிக்கும். பளபளப்பா உயிரா, நடுவர் அவர்களே?

‘டாக்டருக்கு வெள்ளைக் கோட்டுதானே மரியாதை’ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. 2007-ல் இங்கிலாந்து சுகாதாரத் துறை என்ன சொல்லிச்சு தெரியுமா? நோயாளியைத் தொடுறப்போ முழங்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம்; நீளக் கை வேண்டாம், வாட்ச் வேண்டாம். ஏன்? கோட்டுக் கையை வெச்சுக்கிட்டு மணிக்கட்டு வரைக்கும் சோப்புப் போட முடியாதே! மரியாதை கோட்டிலேயா இருக்கு? கழுவின கையில இருக்கு! (கைதட்டல்)

ஜீன்ஸை நாகரிகம்னாங்க எதிரணியில. அதோட பூர்வீகமே உழைப்புதானுங்க! அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ்னு ஒரு தையல்காரர், உழைப்பாளிகளோட கால்சட்டைப் பை கிழியுதேன்னு செப்புக் குமிழ் அடிச்சாரு. 1873-ல் லெவி ஸ்ட்ராஸோட சேர்ந்து காப்புரிமை வாங்கினாரு. கிழியாம இருக்க அடிச்ச குமிழ் அது. இப்போ கிழிச்சு விக்கிறாங்க, இரட்டை விலை! (சிரிப்பு)

கடைசியா ஒண்ணு. விடியற்காலையில நம்ம தெருவைக் கூட்டுற அம்மாவைப் பாருங்க. புடவை மேலே ஆம்பிளை அளவுல ஒரு கோட்டு. கையில நழுவி விழற உறை. குப்பையில கண்ணாடிச் சில்லு கிடக்கு, ஊசி கிடக்கு. உறை நழுவுதுன்னு கழட்டி வெச்சாங்கன்னா, ‘கொடுத்தோமே, போடலியே’ன்னு அவங்க மேலேயே பழி! கொடுத்தோம்னு கணக்கு எழுதினவர் அந்தக் கையை ஒரு தடவை அளந்து பார்த்தாரா?

வேலைக்கு உடை வாங்குறவங்க துணிக்கடை பொம்மையைப் பார்த்து வாங்காதீங்க. போட்டு உழைக்கிறவங்களைக் கேளுங்க. குனிய வருதா, வியர்வை வெளியேறுதா, எங்கேயாவது மாட்டுமா, கொதிநீர்ல துவைக்கலாமா?

அழுக்கு துணியில பட்டா துவைச்சுக்கலாம், உயிர்ல பட்டா? இதை எண்ணித் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டு அமர்கிறேன்.