கணக்கில் வராத துப்பாக்கிகள்

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரேஷன் கடையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால் என்ன நடக்கிறது? அதிகாரி வருகிறார், பதிவேட்டைப் புரட்டுகிறார், விற்பனையாளரிடம் விளக்கம் கேட்கிறார். ஒரு மூட்டைக்கே இந்தக் கணக்கு! லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கே இல்லாமல் போன செய்தியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

2003 மே மாதத்தில், ஈராக்கை ஆக்கிரமித்த அமெரிக்க நிர்வாகம் அந்நாட்டு இராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்தது. பின்னர் புதிய இராணுவத்தை உருவாக்க ஆயுதம் வேண்டியிருந்தது. எங்கே போனார்கள்? கிழக்கு ஐரோப்பாவின் பழைய கிடங்குகளுக்குப் போனார்கள்! பனிப்போர் முடிந்தபின் ஏ.கே.47 ரகத் துப்பாக்கிகள் அங்கே உபரியாகக் குவிந்து கிடந்தன. விலையோ மலிவு. ஈராக் சிப்பாய்க்கும் பழகிய ஆயுதம்.

போஸ்னியாவிலிருந்தும் துப்பாக்கிகள் கிளம்பின. 1992 முதல் 1995 வரை எந்த மண்ணில் மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்களோ, அந்த மண்ணில் மிஞ்சிய ஆயுதங்கள் தரகர்கள் வழியாக ஈராக்குக்கென்று விமானம் ஏறின. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2006-ல் இதை அம்பலப்படுத்தியது.

வந்தவை யார் கைக்குப் போயின? இதற்குப் பதில் சொன்னது எதிரிகள் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு! 2007 ஜூலையில் அது வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஈராக் படைகளுக்கு வழங்கியதாகத் தளபதி சொன்ன ஏ.கே.47 துப்பாக்கிகள் 1,85,000. பதிவேட்டில் இருந்தவையோ 75,000. மீதி 1,10,000 எங்கே? கைத்துப்பாக்கிகளிலும் 80,000 கணக்கில் வரவில்லை. 2005 டிசம்பர் வரை மையப் பதிவேடே பராமரிக்கப்படவில்லையாம்!

அடுத்து நடந்ததை உலகம் அறியும். 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். கும்பலிடம் வீழ்ந்தது. இராணுவம் விட்டு ஓடிய கிடங்குகள் அவர்கள் வசமாயின. அந்த ஆயுதங்கள் ஷியா, சுன்னி, யஸீதி, கிறிஸ்தவர் என்று எல்லோர் மீதும் திரும்பின. அந்தக் கும்பலிடம் இருந்தவை குறைந்தது 25 நாடுகளின் தயாரிப்புகள் என்று 2015-ல் ஆம்னெஸ்டி கூறியது.

சகோதரர்களே! ஏ.கே. துப்பாக்கி பல பத்தாண்டுகள் உழைக்கும். அதை ஏந்துகிற இராணுவம் சிதறலாம், அரசு மாறலாம். துப்பாக்கி அடுத்த கைக்குப் போய்விடும். யார் தூக்கினாலும் அது சுடும். ஆகவேதான் உபரி ஆயுதத்தை விற்காதே, அழித்துவிடு என்கிறோம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் பதிவு செய், வாங்கியவனிடம் ரசீது பெறு என்கிறோம்.

ஆயுதம் தவறான கைகளுக்குத் திசைமாறுவதைத் தடுக்கும் ஆயுத வணிக ஒப்பந்தத்தை 2013-ல் ஐ.நா. நிறைவேற்றியது. அதில் கையெழுத்திட்ட அமெரிக்கா, 2019-ல் பின்வாங்கியது. நமது இந்தியாவோ வாக்கெடுப்பிலேயே ஒதுங்கி நின்றது. ஏன் என்று நமது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள்.

அரிசிக்குக் கணக்குக் கேட்கும் நாம், உயிருக்கும் கணக்குக் கேட்போம்!