பாதிச் சவரமும் பயிர்க் காப்பீடும்

கோவில்பட்டி நீதிமன்றத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வழக்காடிய ஒருவனை இந்தப் பட்டமளிப்பு மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள்.

நேராக 1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடிக்குப் போய்விடலாம். அங்கே ஒரு சவரத் தொழிலாளி, வழக்கறிஞர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

வழக்கறிஞரின் பெயர் ரங்கசாமி அய்யங்கார். ஊரே வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பின்னால் நின்ற நாட்கள் அவை. பிப்ரவரி 27ஆம் தேதி ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். கூலியை உயர்த்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும் என்பவை அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள். நீங்கள் பிள்ளைவாளுக்கு எதிராகப் பேசினீர்களாமே என்று சவரத் தொழிலாளி கேட்டார். அது உனக்கெதற்கு என்றார் அய்யங்கார். அவ்வளவுதான். கத்தியை மடக்கிக்கொண்டு, மழித்தது பாதி மழிக்காதது பாதியாக அவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் அந்தத் தொழிலாளி.

வ.உ.சி. பற்றிப் பேசுகிறவர்கள் அவர் கப்பலோட்டியதையும் சிறையில் செக்கிழுத்ததையும் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அந்த மனிதருக்குப் பின்னால் எத்தனை விதமான கைகள் இருந்தன என்பதை இந்தப் பாதிச் சவரம் காட்டுவதுபோல வேறெதுவும் காட்டுவதில்லை. கூட்டங்களில் பேசி மக்களை எழுப்ப சுப்பிரமணிய சிவா இருந்தார். நிர்வாகத்துடன் பேசிக் கோரிக்கையை முடிக்கச் சட்டம் படித்த வ.உ.சி. இருந்தார். வேலைநிறுத்தம் செய்தவர்களின் அடுப்பு எரிய ஊரார் பணம் கொடுத்தார்கள். சவரக்காரரிடம் இருந்தது ஒரு கத்தியும் ஒரு தொழிலும். அந்தத் தொழிலைச் செய்ய மறுப்பதுதான் அவருடைய போராட்டம். கீறல்கூட விழாத போராட்டம் அது. பத்து நாட்களுக்குள் கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் வந்தது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தபோது துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. 110 ஆண்டுகள் கழித்து, 2018 மே 22ஆம் தேதி, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் அதே தூத்துக்குடியில் மறுபடி துப்பாக்கி பேசியது. அன்றும் மறுநாளுமாகப் பதின்மூன்று பேரை இழந்தோம். பிள்ளைகளைப் போராட்டத்துக்கு அனுப்ப ஒரு தாய் தயங்குகிறாள் என்றால் அந்தத் தயக்கத்தை மதிக்க வேண்டும். தெருவுக்கு வராமலும் போராட வழியுண்டு. அந்த ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததற்குப் பின்னால், தெருவில் நின்றவர்களோடு, நிலத்தடி நீர் அறிக்கைகளையும் கழிவுக் கணக்குகளையும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்தவர்களின் உழைப்பும் இருக்கிறது.

தெருவில் நிற்பதோடு இந்த உழைப்பும் வேண்டும் என்பது, இதைச் சொல்கிறவனுக்குத் தெரியத் தாமதமானது. 1984 டிசம்பர் 21ஆம் தேதி, விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த இடத்தில் இதே கோவில்பட்டியில் காலமானார். மின் கட்டணத்தை எதிர்த்து 1972இல் கோவையை மாட்டு வண்டிகளால் திணறடித்தவர் அவர். அன்று திரண்ட கூட்டத்தில் தொண்டை கிழியக் கோஷம் போட்ட கல்லூரி மாணவர்களில் இவனும் ஒருவன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், வேட்டி மடிப்பிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "எய்யா, காலேசுப் பிள்ளதான நீ? இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு."

கடன் பாக்கிக்கான ஜப்தி நோட்டீஸ். ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று வருடம் கல்லூரியில் படித்தவனுக்கு அதில் கெடு தேதி தவிர வேறொன்றும் விளங்கவில்லை. மறுவாரம் அவருடைய உழவு மாடுகள் இரண்டும் போய்விட்டன. சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது அதற்குப் பிறகுதான்.

நாயுடு இறந்த சில ஆண்டுகளில் தமிழக விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது. பெரிய வெற்றி. ஆனால் கரிசல்காட்டில் பம்புசெட் எத்தனை? விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர்ப் பக்கமெல்லாம் புரட்டாசியில் வானத்தைப் பார்த்து உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற மானாவாரி பூமி. கிணறே இல்லாதவனுக்கு மின்சாரம் இலவசமானால் என்ன? அவனுடைய சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபிப் பருவ உளுந்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பருத்திக்கும் மிளகாய்க்கும் 5 சதவீதம் வரை விவசாயி கட்டுகிறான். இழப்பீடு வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் அவனுடைய தனிக் காடு தீர்மானிப்பதில்லை. கிராமத்திலோ பிர்காவிலோ தேர்ந்தெடுத்த சில வயல்களில் நடக்கும் அறுவடைப் பரிசோதனைதான் தீர்மானிக்கிறது. அந்தப் பரிசோதனையின்போது வரப்பில் நின்று எடை பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் வேண்டும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏறிய பயிரும் காட்டில் நிற்கிற பயிரும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்; அந்த மனுவை எழுதித் தர வேண்டும். கிடைத்த பதிலைக் கிராம சபையில் எழுந்து நின்று தீர்மானமாக்க வேண்டும்.

புள்ளியியல் படித்தவர்களும் தாவரவியல் படித்தவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். வணிகவியல் படித்த பெண்கள்தான் முன்வரிசை முழுக்க. இந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

உங்கள் பெற்றோர் பலர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டு வேலையையும் தீப்பெட்டி ஆபீஸ் வேலையையும் இன்றைக்கு ஒருநாள் விட்டுவிட்டு வந்தவர்கள். வீட்டுக்குப் போனதும் பட்டத்தை அவர்கள் கையில் கொடுங்கள். பிறகு அவர்களுடைய மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கும் காப்பீட்டு ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதலில் சர்வே எண், அடுத்தது பயிரின் பெயர், அப்புறம் பரப்பளவு. மூன்றையும் சிட்டாவோடும் அடங்கலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.